கட்டைவிரல் சிபாரிசு

"புத்தகத்தைத் தொறக்கவே வேணாம். கட்டைவிரலை ஒரு ஓட்டு ஓட்டுனேன்னா, படிக்கிறவன் எந்தப் பக்கத்துல அழுவான்னு நம்பரோட சொல்லிடுவேன்" என்றார் கங்காதரன்.

ஆம்பூரில் அந்தக் கிளை நூலகத்தில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். மூலையில் நின்ற விசிறியையும் சேர்த்தால் ஏழு. ஆறு பேரும் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விசிறி மட்டும்தான் அவர் பக்கம் திரும்பியது. திரும்பி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபக்கம் போனது.

கங்காதரனுக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்தெட்டு வருடத்தை ஒரு டேனரியில் செலெக்‌ஷன் மேஸ்திரியாகக் கழித்தவர். பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்ட தோல் அவர் மேசைக்கு வரும். முன்பக்கம் ஒரு பார்வை, புரட்டிப் பின்பக்கம் ஒரு பார்வை, நடுமுதுகில் கட்டைவிரலால் ஒரு தடவல். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சுண்ணாம்பு தின்ற இடம் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். சாக்பீஸை எடுத்து ஓரத்தில் 1, 2, 3 என்று ஏதாவது ஒரு நம்பர் போடுவார். தேறாததற்கு R. இந்த நான்கு எழுத்தை வைத்தே பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வீட்டுக்கு மாடியும் எடுத்தவர் அவர். தன் விரல்பட்ட ஆட்டுத்தோல்களை வரிசையாக விரித்தால் ஆம்பூரிலிருந்து நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, ஆலங்காயம் வழியாகத் திரும்பி வரலாம் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஏன் ஆலங்காயம் வழி என்று கேட்டால், அந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கும் என்பார்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனிக்காரர்கள் மாலை போட்டு, மேசையை வாங்கிக்கொண்டார்கள், சாக்பீஸ் டப்பாவை வாங்கிக்கொண்டார்கள், அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். வாயை மட்டும் மறந்துபோய் அவரிடமே விட்டுவிட்டார்கள். அதை வீட்டில் வைக்க முடியவில்லை. மனைவி தாயாரம்மாளுக்கு அவருடைய எல்லாக் கதையும் மனப்பாடம். இவர் ஆரம்பித்தால் தாயாரம்மாள் முடித்துவிடுவார், அதுவும் பாதி நேரத்தில். ஆகவே வாயை நூலகத்துக்குக் கொண்டுவந்தார். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை, அந்த நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்கள்தான் அவருக்கு இந்தப் பூமியில் மிச்சமிருந்த காதுகள். அந்தக் காதுகள் விரும்பித்தான் கேட்டனவா என்று அவர் என்றைக்கும் விசாரித்ததில்லை.

அன்று பேச்சு அழுகைக்கு வந்ததற்குக் காரணம் நூலகர் கலையரசி. காலையில் ஒன்பது புத்தகங்களைக் கொண்டுவந்து மேசைமேல் அடுக்கினார்.

"இந்த மாசம் வாசகர் வட்டத்துக்கு நாட்டுப் பிரிவினை பத்தின புத்தகங்கள்னு வெச்சிருக்கேன் சார். ஞாயித்துக்கெழம கூட்டம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் படிச்சு, அதை ஏன் படிக்கணும்னு ரெண்டு வார்த்தை சொல்லி சிபாரிசு பண்ணணும். நான் பலகையில எழுதிப் போடறேன்."

"பிரிவினையா? அதுல நானே பாதிக்கப்பட்டவன்மா" என்றார் கங்காதரன்.

எதிரே உட்கார்ந்திருந்த நிசார் அஹமது பேப்பரை மூக்குவரை இறக்கினார். அதே டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். கங்காதரனைவிட ஒரு வயது மூத்தவர். கங்காதரன் சொல்வதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம்பாதவர்; மீதி எல்லோரும் கேட்காமலேயே நம்பாதபோது, இவர் ஒருவர்தான் முழுசாகக் கேட்டுவிட்டு நம்பாமல் இருப்பார். அந்த மரியாதைக்காகவே கங்காதரன் அவருக்கு எதிர் நாற்காலியை யாருக்கும் விடுவதில்லை.

"நீ எப்பய்யா பாதிக்கப்பட்ட? நீ பொறந்ததே அம்பத்தாறுல."

"அந்தப் பிரிவினை இல்ல பாய். ரெண்டாயிரத்துப் பத்தொம்போது. வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சாங்களே. நானு படுத்தது வேலூர் மாவட்டம், எழுந்தது திருப்பத்தூர் மாவட்டம். கட்டிலு ஒரு அங்குலம் நகரல, ஆனா மண்ணு போய்டுச்சு. கூடப் பொறந்த தங்கச்சி அணைக்கட்டுல மாட்டிக்கிச்சு. பொங்கலுக்கு சீர் கொண்டு போறதுன்னா எல்லையைத் தாண்டித்தான் போவணும்."

"எங்க பெரியப்பா கராச்சிக்குப் போனாரு. திரும்பி வர்றதுக்கு விசா கேட்டாங்க. உன் தங்கச்சி வூட்டுக்குப் போறதுக்கு இன்னா கேக்கறாங்க?"

"பஸ்ஸுல டிக்கெட்டு கேக்கறாங்க."

"அப்போ கம்முனு குந்து."

"நாடு இல்லாதவன் பேச்சை யாரு கேப்பாங்க" என்று முனகிக்கொண்டு கங்காதரன் புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்தார். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துப் படிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஒன்பதையும் புரட்டித் தடவித் தள்ளிவிட்டார். நூலகத்தில் சாக்பீஸுக்கு அனுமதி இல்லை. துண்டுக் காகிதத்தில் பென்சிலால் நம்பர் எழுதி ஒவ்வொன்றிலும் செருகினார்.

"அட்டையில ரயிலு இருந்தா ரெண்டாம் நம்பர். முள்கம்பி இருந்தா மூணு. ரயிலும் முள்கம்பியும் இருந்து, பின்னாடி சூரியனும் எறங்குதுன்னா R."

"படிக்காமயே சிபாரிசா சார்?" என்றார் கலையரசி.

"தோலை யாரும்மா படிக்கறாங்க? ஆடு தன் கதையை மேலயே எழுதி வெச்சிருக்குது. வெரலு படிச்சுக்கும். லைப்ரரி புக்கும் அப்டித்தான். ஓரம் எது வரைக்கும் அழுக்கா இருக்குதோ அது வரைக்கும் ஜனங்க படிச்சிருக்காங்க. அதுக்கு மேல வெளுப்பா இருந்தா அந்த எடத்துல தூங்கிட்டாங்கன்னு அர்த்தம். இத பாரு, முன்னூறு பக்கம். நாப்பதுக்கு மேல ஒரு கை படல. ரிஜக்ட்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், வீட்டுக்கு எடுத்துப்போக வைத்திருந்த தன் புத்தகத்தின் ஓரத்தை ரகசியமாகத் திருப்பிப் பார்த்தார். கங்காதரன் அந்த நியாயத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் கங்காதரன் இல்லை.

ஒன்பதாவதாக இருந்தது 'கோடு விழுந்த கோடை' என்ற தடித்த மொழிபெயர்ப்பு. அட்டையில் ரயிலும் இல்லை, கம்பியும் இல்லை. விரலை ஓட்டினார். நடுவில் விரல் நின்றது. ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்த தோல் மாதிரி உப்பி, நெளிந்து, மற்றப் பக்கங்களைவிட ஒரு நூல் தடிமனாக இருந்தது. திறந்து நம்பரைப் பார்த்தார். நூற்று நாற்பத்து மூன்று. எழுத்தைப் பார்க்கவில்லை, எழுத்து அவர் துறை இல்லை.

"கண்ணீரு" என்றார். "எத்தினி பேரு அழுதாங்களோ. இதுக்கு ஒண்ணாம் நம்பர். நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல எப்பேர்ப்பட்ட ஆளும் அழுவான்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டைவிரல் பேச்சு பேசினார். விசிறி தலையை ஆட்டியது.

நிசார் பேப்பரை நான்காக மடித்து வைத்தார். "எப்பேர்ப்பட்ட ஆளும்னா, நானுமா?"

கங்காதரனுக்கு உள்ளே ஏதோ ஒன்று, வேண்டாம் என்றது. அவர் உள்ளே இருக்கிற ஆள் பேசி வெளியே இருக்கிற ஆள் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. "நீயும்தான் பாய். துண்டு எடுத்து வெச்சுக்கோ."

மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. நிசார் அஹமது அழுவதா? டேனரியில் சுண்ணாம்பும் அமோனியாவும் சேர்ந்து அடிக்கும் பகுதியில் முப்பத்துமூன்று வருடம் நின்றவர். புதிதாக வந்தவர்கள் அந்தக் கதவைத் திறந்ததுமே தாரை தாரையாக அழுவார்கள். இவர் அங்கேயே டிபன் டப்பாவைத் திறந்து, ரசம் சோறு சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு வருவார். கண்ணில் தண்ணீர் வருகிற குழாயே அடைத்துப் போய்விட்டது என்று அவரே சொல்வார்.

"சரி, பந்தயம் பேசிப்போம்" என்றார் நிசார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் இந்த புக்கை முடிக்கிறேன். நூத்தி நாப்பத்தி மூணுல என் கண்ணுல ஒரே ஒரு சொட்டு வந்தா, எல்லார் எதிர்லயும் எழுந்து நின்னு வந்துச்சுன்னு ஒத்துக்கிறேன். வரலன்னா, அன்னையிலிருந்து ஒரு மாசம் இந்த லைப்ரரியில நீ வாயத் தொறக்கக் கூடாது. பேப்பர் படி, போ. இருமல் வந்தாக்கூட வெளிய போய் இருமிட்டு வரணும்."

ஆறு செய்தித்தாள்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. அத்தனை முகங்களிலும் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கங்காதரன் அந்த நூலகத்தில் பார்த்ததே இல்லை. ஒருவர் காலண்டரை எடுத்து முப்பது நாளை எண்ண ஆரம்பித்தார்.

"ஒரு மாசம் இன்னா, ஒரு வருஷம் வெச்சுக்கோ" என்றது கங்காதரனின் வாய்.

"ஒரு மாசம் போதும். நாங்களும் மனுஷங்கதான்" என்றார் நிசார், புத்தகத்தைக் கைக்குள் இடுக்கிக்கொண்டே.

கங்காதரனுக்கு ஒரே ஒரு பேஜார்தான். நிசார் பொய் சொல்ல மாட்டார். கல்யாண வீட்டில் பிரியாணி எப்படி என்று மாப்பிள்ளையே வந்து கேட்டபோது, உப்பு கம்மி, மாமனாரிடம் சொல்லுங்கள் என்றவர். அழுதால் அழுதேன் என்பார். அழவில்லை என்றால் தோஸ்த் ஆயிற்றே என்று ஒரு சொட்டுகூடக் கடன் கொடுக்க மாட்டார்.

மறுநாள் நிசார் வரவில்லை, வீட்டில் படித்துக்கொண்டிருந்தார். கலையரசி கங்காதரனை மெதுவாக அலமாரிப் பக்கம் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்றேன் சார், கோவிச்சுக்காதீங்க. அந்த நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம் கண்ணீர் இல்ல. டீ."

"டீயா? எந்தப் படுபாவி?"

"நீங்கதான் சார். போன வருஷம் பேப்பர் காத்துல பறக்குதுன்னு அந்த புக்கை நடுவுல பிரிச்சு மேல கவுத்தீங்க. நிலாவுக்குத் தோலு விரிக்கிற கதையைச் சொல்றப்போ கையை வீசினீங்க. கிளாஸ் சாஞ்சுடுச்சு. நான்தான் வெயில்ல காய வெச்சு எடுத்தேன்."

கங்காதரன் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்துச் சர்வீஸ் விரல், தான் கொட்டிய டீக்கே ஒன்றாம் நம்பர் போட்டிருந்தது.

"அதான் கொஞ்சம் பிசுபிசுன்னு இருந்துச்சா" என்றார் பரிதாபமாக. "நான் ரொம்ப உருக்கமான எடம்போலன்னு நெனச்சேன்."

அன்றைக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. இது அறுபத்தெட்டு வயதில் அவருக்குத் தோன்றிய மிகப் புரட்சிகரமான யோசனை: அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று படித்துப் பார்த்தால் என்ன? டீயே ஆனாலும் நல்ல சோகமான இடமாகப் பார்த்துக் கொட்டியிருக்கக் கூடாதா? நூலகத்தில் இருந்த ஒரே பிரதி நிசாரிடம் இருந்தது. திருப்பத்தூரில் பெரிய நூலகத்தில் இன்னொன்று இருப்பதாகக் கலையரசி போனில் கேட்டுச் சொன்னார். புதன்கிழமை காலையில் கங்காதரன் பஸ் ஏறினார். கண்டக்டரிடம், "தலைநகருக்கு ஒண்ணு" என்றார். கண்டக்டர் திருப்பத்தூருக்குத்தான் டிக்கெட் கிழித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் டெல்லி பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று வெளியே எட்டிப் பார்த்தார்.

அங்கே இருந்த பிரதியை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளை வெளேர். விரல் நேற்று வரை வைத்திருந்த சட்டப்படி இது சுத்தமான R. நேராக நூற்று நாற்பத்து மூன்றைத் திறந்தார்.

ஒரு பட்டியல்.

ஓர் அரசு அலுவலகத்தின் சாமான்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்ட விவரம். மேசை இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை. முக்காலி, மைக்கூடு, தொப்பி மாட்டும் சட்டம், தண்ணீர்ப் பானை, பானைக்கு அடியில் வைக்கும் வளையம். சுவர்க்கடிகாரம் ஒன்று, அந்த நாட்டுக்கு. அதை முடுக்குகிற சாவி பட்டியலில் வேறு தலைப்பில் வந்துவிட்டதால், இந்த நாட்டுக்கு. ஒரு கொலை இல்லை, ஒரு ரயில் இல்லை, ஒரு குழந்தை தொலைந்துபோகவில்லை. பழைய சாமான் கடைக்காரர்கூட இந்தப் பக்கத்தில் அழ மாட்டார். ஒரு வேளை விலை கம்மியாகப் போட்டிருந்தால் அழுவாரோ என்னவோ.

கங்காதரன் முன்பக்கத்தில் ஏதாவது சோகம் நகர்ந்து உட்கார்ந்திருக்குமோ என்று நூற்று நாற்பத்து இரண்டைப் பார்த்தார். அது புரிய வேண்டுமானால் நூற்று முப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நூறு. கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு தபால்காரர் வந்தார். எல்லைக்குப் பக்கத்து ஊர். ஆட்கள் ஓடிப்போன வீட்டுக்கும் கடிதம் வந்துகொண்டே இருந்தது. கொண்டுபோய்க் கொடுப்பது தன் வேலை என்று அந்த மனிதர் தினமும் கதவிடுக்கில் போட்டுக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில். புதிதாக அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளினார்கள், கதவு திறக்கவில்லை. உள்ளே அவ்வளவு கடிதம்.

பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னா சார், கண்ணுல தூசியா?" என்றார். கங்காதரன், "ஃபேன் காத்து" என்றார். அந்தப் பக்கத்தில் ஃபேனே இல்லை.

நூலகத்தை மூடுகிற நேரத்தில் கடைசிப் பக்கத்தை முடித்தார். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிருந்தது. வாழ்க்கையில் அவர் முழுசாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அது. பள்ளிக்கூடத்துப் புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொல்வது. அவருடைய வாத்தியார்கள் யாராவது உயிரோடு இருந்தால் ஒப்புக்கொள்வார்கள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் வாயை மூடிப் பழகினார். முதல் ஒரு மணி நேரத்தில் தாயாரம்மாள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா? டாக்டராண்ட போலாமா?"

கங்காதரன் கையால் ஜாடை காட்டினார். புரியவில்லை. மறுபடி காட்டினார். யாரோ செத்துவிட்டார்கள் என்று தாயாரம்மாள் புரிந்துகொண்டு, யாரு யாரு என்று பதறினார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து பந்தயத்தை முழுசாகச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

"லைப்ரரிக்கு மட்டும்தானா?" என்றார் தாயாரம்மாள். "அந்த பாய், வூட்டுக்கும் சேர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?"

ராத்திரிக்குத் துவையல் அரைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி கேட்டார். "ஒரு மாசம் பேசாம அங்க இன்னா பண்ணுவீங்க?"

"அதான் தெர்ல" என்றார் கங்காதரன். அந்த ஒரு பதிலை அவர் பெரிதாக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வழக்கமாக எட்டுப் பேர் வருவார்கள். அன்று இருபத்துமூன்று பேர். நாற்காலி போதாமல் சிலர் அலமாரியில் சாய்ந்து நின்றார்கள். செய்தி குடியாத்தம் வரை போய், லுங்கி தறிக்காரர் பெருமாள் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து, தறியை மூடிவிட்டு வந்திருந்தார். கங்காதரன் நிறுத்தும் நாளைப் பார்க்கத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். நிசார் அஹமது முன்வரிசையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கங்காதரன் தூரத்திலிருந்தே விரலால் தடவிப் பார்க்க முடியுமா என்பதுபோல் பார்த்தார், முடியவில்லை.

நிசார் எழுந்து சொல்லிவிட்டால் பிறகு ஒரு மாசம் பேச முடியாது. ஆகவே கங்காதரன் முந்திக்கொண்டு எழுந்தார்.

"நானு ஒண்ணு சொல்லணும். இது நெசம். நூத்தி நாப்பத்தி மூணுல இருந்தது கண்ணீர் இல்ல. நான் கொட்டின டீ. என் வெரலுக்கு ஒண்ணும் தெரியாது."

கூட்டம் சிரித்தது.

"நெசமாத்தான் சொல்றேன். திருப்பத்தூர் போய் அந்த புக்கை மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சேன். நூத்தி நாப்பத்தி மூணுல ஒண்ணுமே இல்ல, மேசை நாற்காலிக் கணக்கு. அழுவறதுன்னா எம்பத்தெட்டுலதான் அழுவணும். அங்க ஒரு தபால்காரர் வர்றாரு. நானே அழுதேன்."

இப்போது சிரிப்பு ஜன்னல் கண்ணாடி வரை போய் இடித்தது. பெருமாள் தொடையில் தட்டினார். "கேட்டீங்களா? சார் புக்கு படிச்சாராம்! முழுசா! நிலாவுக்குத் தோல் விரிச்சதைக்கூட நம்பிடலாம், இது ரொம்ப ஜாஸ்தி."

"கலையரசியைக் கேளுங்க!"

"டீ நெசம்தான்" என்றார் கலையரசி. "படிச்சாரா இல்லையான்னு நான் பாக்கல."

கங்காதரனுக்கு இத்தனை வருடம் அளந்ததற்கெல்லாம் ஒரே நாளில் வட்டி கட்டுவதுபோல் இருந்தது. உண்மையை எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பழக்கம் இல்லை; சொன்னால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்.

நிசார் எழுந்தார். புத்தகத்தை மேசைமேல் வைத்தார். சிரிப்பு தானாக அடங்கியது.

"டீன்னு எனக்கு மொத நாளே தெரியும். மோந்து பாத்தேன், ஏலக்காய் வாசனை. அதனால ஜெயிச்சுட்டேன்னுதான் படிக்க ஆரம்பிச்சேன். எங்க ஆபாவுக்குக் கண்ணு சரியா தெரியாது, அதனால சத்தமாப் படிச்சேன்."

ஆபா என்றால் அவருடைய மூத்த அக்கா அன்வரி பேகம். எண்பத்திரண்டு வயது.

"நூத்தி நாப்பத்தி மூணு வந்துச்சு. கடியாரம் அங்க, சாவி இங்கன்னு படிச்சதும் எனக்கு ஒரே சிரிப்பு. கங்காவுக்கு நாளையிலேர்ந்து பூட்டுன்னு வேற நெனச்சு சிரிச்சேன். ஆபா சிரிக்கல. எழுந்து சமையல்கட்டுக்குப் போனாங்க. எங்க வூட்டுல பெரிய பித்தளைத் தட்டு ஒண்ணு இருக்குது. வெங்காயம் அரிஞ்சு போடறது, அரிசி பொடைக்கிறது, எல்லாம் அதுலதான். சின்ன வயசுல நான் அதுல குந்திக்கிட்டு வழுக்குவேன். அதைத் தூக்கிட்டு வந்து எம் முன்னாடி வெச்சாங்க. இது இன்னாடான்னு கேட்டாங்க. தட்டுன்னேன்."

விசிறி ஒருமுறை போய் வந்தது.

"தட்டு இல்லயாம். மூடியாம். எங்க வூட்டுத் தேக்சாவோட மூடி. பெரியப்பா கராச்சிக்குப் போறப்போ, கல்யாணத்துக்கெல்லாம் பிரியாணி ஆக்கற அந்தப் பெரிய தேக்சா எனக்குத்தான் வேணும்னு நின்னாராம். எங்க தாத்தா தேக்சாவைக் குடுத்துட்டாரு. மூடியைக் குடுக்கல. மூடி இல்லாம எவ்ளோ நாளுக்கு தம் போடுவான், மூடியைத் தேடிக்கிட்டாவது ஒரு நாள் வருவான்னாராம். அறுபது வருஷமா நான் அதுல வெங்காயம் அரியறேன். எனக்கு யாரும் சொல்லல. நானும் ஏன் இதுக்கு அடியில பிடி இருக்குது, கீழ வெச்சா ஆடுதுன்னு ஒரு நாளும் கேக்கல."

"வந்தாரா பாய்?" என்றார் பெருமாள். இப்போது தொடையில் தட்டவில்லை.

"வரல."

கங்காதரனுக்குத் தான் ஜெயிக்கிற பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே உறைக்கவில்லை. புதிதாகப் பிடித்துக்கொண்ட உண்மை இன்னும் விடவில்லை. "பாய், வூட்டுல அப்போ வெங்காயம் கிங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தாங்களா? கண்ணுல தண்ணி வந்திருந்தா அதனால இருக்கும் பாரு" என்றார்.

"எதுல அரியறது? மூடி என் மடியில இருந்துச்சு."

கலையரசி மட்டும் ஒரு கணம் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நிசார் புத்தகத்தைத் திறந்து, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்து, கங்காதரன் பக்கம் தள்ளினார். பழைய டீக் கறைக்குப் பக்கத்தில் தாள் புதிதாக இரண்டு இடத்தில் உப்பியிருந்தது.

"பலகையில எழுதிக்கோம்மா" என்றார் கலையரசியிடம். "கோடு விழுந்த கோடை. சிபாரிசு பண்ணது கங்காதரன். படிக்காம பண்ணாரோ, படிச்சுட்டுப் பண்ணாரோ, டீயைப் பாத்துப் பண்ணாரோ, அது அவரு பாடு. நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல, ஆபா முன்னாடி, எண்ணிப் பாத்தேன், ரெண்டு சொட்டு. அவரு சொன்ன மாதிரியே அழுதேன். நடந்துச்சு."